மதிலுக்கு வெளியே இருக்கும் நியூரம்பர்க்

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்கள் எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டியது. முழுப் பட்டத்துக்காகச் செல்பவர்கள் ஒருபுறம். ஒரே ஒரு பருவம் தங்கிப் படித்துத் திரும்பும் பரிமாற்ற மாணவர்கள் மறுபுறம். இந்த இரண்டாம் வகையினருக்கு நேரமும் குறைவு, பணமும் குறைவு. சனிக்கிழமைக்கு ஒரு நகரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். பவேரியா மாநிலத்தில் இதற்கு வாகாக ஒரு பயணச்சீட்டு உண்டு. ஐந்து பேர் வரை சேர்ந்து வாங்கிக்கொண்டு, அதிவிரைவு ரயில்களை மட்டும் தவிர்த்து, மாநிலத்துக்குள் ஓடும் மற்ற ரயில்களில் நாள் முழுவதும் சுற்றலாம். மியூனிக்கில் காலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நியூரம்பர்க்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே இடைக்கால மதிலும் பருத்த காவல் கோபுரமும் நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் சந்தைச் சதுக்கம், தேவாலயங்கள், ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509 முதல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு, மேட்டின் உச்சியில் பேரரசர்களின் கோட்டை. ரொட்டிக்குள் மூன்று மூன்றாக வைத்துத் தரும் விரல் நீளச் சாசேஜ், பட்டையும் கிராம்பும் மணக்கும் லேப்கூகன் என்ற இனிப்பு. எல்லாமே நடந்து பார்க்கும் தொலைவு. மாலை ரயிலில் திரும்பும் மாணவரின் கைபேசியில் நூறு படங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் மதிலுக்குள் எடுத்தவையாகவே இருக்கும்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இந்த நகரம் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. மதிலுக்குள் ஒன்று. தென்கிழக்கே ஏரிக்கரையில் ஒன்று. மேற்கே ஃபியூர்த் நகரத்துக்குப் போகும் சாலையில் ஒன்று. முதல் துண்டை மட்டும் பார்த்தவருக்கு நியூரம்பர்க் ஓர் அழகான பழைய ஊர். மூன்றையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு, ஒரு சமூகம் தன் அவமானத்தை என்ன செய்யலாம் என்ற கேள்வி கல்லிலும் செங்கல்லிலும் எதிரே நிற்கும். ட்ராமும் சுரங்க ரயிலும் இருப்பதால் மூன்றையும் பார்க்க ஒரு நாள் போதும்.

பழைமையின் வயது

முதலில் மதிலுக்குள் இருக்கும் பழைமையைப் பற்றி. அதில் பெரும்பகுதி நம் தாத்தாக்களைவிட இளையது. 1945 ஜனவரி 2 அன்று இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகளில் பழைய நகரத்தின் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. சுமார் 1,800 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். போருக்குப் பின் நகரத்தைத் திரும்பக் கட்டியபோது, இருந்ததை அப்படியே நகலெடுக்கவும் இல்லை. பழையதைத் துடைத்துவிட்டுக் கண்ணாடிக் கட்டிடங்களை எழுப்பவும் இல்லை. தெருக்களின் பழைய வளைவுகள், கூரையின் சரிவு, செந்நிற மணற்கல் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு அடங்கிய எளிய வீடுகளைக் கட்டினார்கள். பெரிய தேவாலயங்களையும் கோட்டையையும் மட்டும் பழைய உருவில் மீட்டார்கள். குண்டுக்குத் தப்பிய கைவினைஞர் வீடுகளை ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால் வைஸ்கெர்பர்காஸ என்ற ஒரு சிறு தெருவுக்குத்தான் போக வேண்டும்.

நகரத்தின் பெருமைகள் பொய்யல்ல. 1493இல் ஆன்டன் கோபர்கரின் அச்சகம் வெளியிட்ட, நூற்றுக்கணக்கான மரச்செதுக்குப் படங்கள் கொண்ட உலக வரலாற்று நூல் இங்கே பிறந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்நிகஸின் நூல் 1543இல் அச்சானதும் இங்கேதான். இன்று எஞ்சியிருக்கும் உலக உருண்டைகளிலேயே பழையது, மார்ட்டின் பெஹைம் செய்வித்தது, இங்குள்ள ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது 1492இல் முடிந்தது. கொலம்பஸ் அந்த ஆண்டில்தான் கடலில் இறங்கினார். அதனால் அந்த உருண்டையில் அமெரிக்காவே இல்லை.

சந்தைச் சதுக்கத்தில் நண்பகல் 12 மணிக்குக் கூட்டம் கூடும். அன்னை மரியாள் தேவாலயத்தின் முகப்பில், 1509 முதல் இருந்துவரும் கடிகாரத்தில் பொம்மைகள் உயிர்பெறும். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேர், நடுவில் அமர்ந்திருக்கும் நான்காம் சார்லஸை வலம்வந்து வணங்குவார்கள். 1356இல் அவர் பிறப்பித்த பொன் முத்திரை ஆணையின் நினைவு அது. புதிதாகத் தேர்வாகும் அரசர் தமது முதல் பேரவையை நியூரம்பர்க்கில்தான் கூட்ட வேண்டும் என்று அந்த ஆணை சொன்னது. நகரத்தின் செல்வாக்கு அதில் வேர்கொண்டது.

கைபேசிகள் மேல்நோக்கி உயரும் அந்த நிமிடத்தில் காலடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சதுக்கம் முன்பு யூதர்களின் குடியிருப்பு. தேவாலயம் நிற்கும் இடத்தில் அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்தது. 1349 டிசம்பரில் 500க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டு, சந்தைக்கு இடம் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே இசைவு தந்தவர், கடிகாரத்தில் இன்றும் வணக்கம் பெற்றுக்கொண்டிருக்கும் அதே சார்லஸ்தான். மிச்சமிருந்தவர்களும் பிறகு வந்தவர்களும் 1499க்குள் வெளியேற்றப்பட்டார்கள். 1850 வரை ஒரு யூதர்கூட அந்நகரில் குடியேற முடியவில்லை.

ஹிட்லர் ஏன் இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கான விடையில் ஒரு பகுதி இங்கே கிடைத்துவிடுகிறது. ரயில் பாதைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து கூடும் நடுப்பகுதி என்பது ஒரு காரணம். யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்ட ஜூலியஸ் ஷ்ட்ரைகரின் கோட்டையாக ஊர் இருந்தது இன்னொரு காரணம். இவற்றுக்கு மேல், பழைய ஜெர்மானியப் பேரரசின் வாரிசு தாங்களே என்று காட்டிக்கொள்ள, கோபுரமும் கூரையும் கொண்ட ஆயத்தமான ஒரு நாடக மேடை அவர்களுக்குத் தேவைப்பட்டது. லெனி ரீஃபென்ஷ்தால் 1934 மாநாட்டைப் படமாக்கியபோது, காலைப் பனியில் விழிக்கும் பழைய நகரத்தைத்தான் ஆசையோடு காட்டினார். வியன்னாவில் இருந்த பேரரசர்களின் மணிமுடியும் வாளும் 1938இல் இங்கே கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் நகரின் பெரிய யூதத் தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது. நாடெங்கும் தொழுகைக்கூடங்கள் எரிந்தது நவம்பரில். நியூரம்பர்க் மூன்று மாதம் முந்திக்கொண்டது. நகரின் அழகை அக்கட்டிடம் கெடுக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். பழைமையின் அழகைக் காக்கிறோம் என்ற பேச்சு எங்கெல்லாம் போய் முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஏரிக்கரைத் திடல்

ரயில் நிலையத்திலிருந்து ட்ராமில் கால்மணி நேரம். டுட்சன்டைக் ஏரிக்கரையில் இறங்கினால் ரோமாபுரியின் கொலோசியத்தைப் போல அரைவட்டமாக ஒரு பிரம்மாண்டம் நிற்கிறது. நாஜிக் கட்சியின் மாநாட்டு மண்டபம். 50 ஆயிரம் பேர் அமர்வதற்காக 1935இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கூரை போடப்படாமலே நின்றுபோனது. அதிலிருந்து நீளும் பெருஞ்சாலை 60 மீட்டர் அகலம்; படைகள் அணிவகுப்பதற்காகக் கருங்கல் பலகைகள் பாவியது. அவ்வகைக் கட்டுமானங்களுக்குக் கல் உடைக்கவே ஃப்ளோசன்பியூர்க் போன்ற வதைமுகாம்கள் கல்குவாரிகளை ஒட்டி அமைக்கப்பட்டன. அந்தச் சாலை இப்போது கார் நிறுத்துமிடம். சற்றுத் தள்ளி செப்பலின் திடல். 1933 முதல் 1938 வரை ஆண்டுதோறும் செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் இந்த வளாகத்தில் கூட்டப்பட்டார்கள். இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட தேடொளி விளக்குகளை வானத்தை நோக்கி நிறுத்தி ஆல்பர்ட் ஷ்பியர் ஒளித்தூண்களாலேயே ஒரு ஆலயம் எழுப்பிக் காட்டினார். 1935 செப்டம்பர் 15 அன்று, மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றத்தை இந்நகருக்கு வரவழைத்து, யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்களை நிறைவேற்றினார்கள்.

வேடிக்கை மட்டும் நடந்த இடம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மாநாட்டுக்கு வருவோர் தங்கும் முகாம்கள் போர்க்காலத்தில் கைதிகளின் முகாம்களாயின. 1941 நவம்பர் 29 அன்று நியூரம்பர்க்கையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 1,000 யூதர்கள் இந்த வளாகத்தின் ஓரத்திலிருந்துதான் லாத்வியாவின் ரீகாவுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலர்.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை பார்வையாளர் மேடையின் உச்சியில் இருந்த ஸ்வஸ்திகாவை வெடிவைத்துத் தகர்த்தது. அதன் பிறகு நகரத்துக்கு இந்த இடத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கார் பந்தயம் விட்டார்கள். மண்டபத்தை இடித்துவிடலாம் என்றார்கள். விளையாட்டரங்கம் ஆக்கலாம் என்றார்கள். 1980களில் கடைகள் நிறைந்த கேளிக்கை மையமாக்கும் திட்டம்கூட வந்தது. மேடையின் தூண் வரிசை 1967இல் இற்றுப்போய் இடிக்கப்பட்டது. 1973இல் வளாகம் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இன்று அந்த மேடைப் படிகளில் இளைஞர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். பின்சுவரில் யாராவது டென்னிஸ் பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருப்பார்கள். முதன்முறை பார்க்கும் வெளிநாட்டு மாணவருக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். எனக்கென்னவோ, அந்த மேடைக்கு ஏற்ற மரியாதை அதுதான் என்று தோன்றுகிறது.

மண்டபத்தின் ஒரு முனையில் 2001இல் ஆவண மையம் திறக்கப்பட்டது. ஆஸ்திரியக் கட்டிடக்கலைஞர் குந்தர் டோமெனிக், நாஜிகளின் செங்கோண ஒழுங்கைக் கண்ணாடியும் எஃகும் கொண்ட நடைபாதை ஒன்றால் மூலைவிட்டமாகக் குத்திக் கிழித்திருக்கிறார். கட்டிடம் உடைக்கப்படவில்லை, ஆனால் அதன் அதிகாரம் உடைந்துகிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே போய் நின்றால்தான் இது விளங்கும். படங்களில் அவ்வளவாகப் பிடிபடாது.

இப்போதைய சர்ச்சை செப்பலின் திடலைப் பற்றியது. ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று சொல்லிக் கட்டிய மேடை, செங்கல், காங்கிரீட்டின் மேல் சுண்ணாம்புக்கல் பலகைகளை ஒட்டி அவசரத்தில் எழுப்பியது. உள்ளே நீர் இறங்கிப் படிகள் உதிர்கின்றன. மேடையையும் திடலையும் காப்பதற்கு ஏறத்தாழ 8.5 கோடி யூரோ தேவை என்று கணக்கிட்டு, பாதியை மத்திய அரசும் மீதியை மாநிலமும் மாநகராட்சியும் தருவதாக 2019இல் முடிவானது. மக்கள் வரிப்பணத்தில் ஹிட்லரின் மேடைக்குப் பழுதுபார்ப்பா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலி போட்டுவிட்டு மெல்ல இடிந்துவிழ விடலாம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. மாநகராட்சியின் பதில்: அழகுபடுத்த மாட்டோம், இடிந்த தூண்களை மீண்டும் எழுப்ப மாட்டோம், மக்கள் ஏறி நின்று பார்க்கத் தகுந்த பாதுகாப்போடு வைத்திருப்போம்.

இந்த வாதத்தில் நான் மாநகராட்சியின் பக்கம். காரணத்தை ஷ்பியரே தருகிறார். கட்டிடங்கள் நூற்றாண்டுகளுக்குப் பிறகு இடிந்து கிடக்கும்போதும் கிரேக்க, ரோமானியச் சிதிலங்களைப் போல மலைப்பூட்ட வேண்டும் என்ற கொள்கை அவருடையது. கொடிபடர்ந்த சிதிலமாக அந்த மேடையை விட்டுவைத்தால், அவர் விரும்பிய கம்பீரத்தை நாமே அதற்குத் தந்ததாகிவிடும். வேலி போட்டால் மர்மம் சேர்ந்துகொள்ளும். ஏறி நின்று பார்ப்பவருக்கோ அந்த இடம் வெகு சாதாரணமாகத் தெரிகிறது: படிகள், ஒரு மேடை, எதிரே புல்வெளி. இவ்வளவுக்கா இத்தனை பேர் மயங்கினார்கள் என்ற கேள்வி அங்கே நிற்பவருக்குத்தான் வரும். மாநாட்டு மண்டபத்தின் முற்றத்தில் தற்காலிக ஓபரா அரங்கம் கட்டும் திட்டத்தைப் பற்றி எனக்கு அந்த உறுதி இல்லை. அரைகுறையாக நின்ற வெறுமையே அந்த மண்டபத்தின் சாட்சி. அதை நிரப்பினால் சாட்சியம் மங்கும் என்ற எதிர்ப்பில் பொருள் இருக்கிறது.

அறை எண் 600

ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பர்க்கிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஃபியூர்த்துக்கு ஓடியது. அது சென்ற சாலையை ஒட்டியே இன்றைய சுரங்க ரயில் பாதை மேற்கே போகிறது. அந்தச் சாலையில் நீதிமன்ற வளாகம். 1945இல் இடிபாடுகளுக்கு நடுவே பெரிய அளவில் சேதமாகாமல் நின்ற நீதிமன்றம் இது. பின்னாலேயே சிறைச்சாலையும் இருந்தது. விசாரணை இங்கே நடந்ததற்கு முதல் காரணம் இந்த வசதிதான். நாஜிகள் மாநாடு கூட்டிய ஊரிலேயே தீர்ப்பும் என்ற பொருத்தம் கூடுதலாக அமைந்தது.

1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நாடுகளின் நீதிபதிகள் இங்கே அமர்ந்தார்கள். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன் ஆகிய நான்கு மொழிகளிலும் பேசப்பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கும் முறை இவ்வளவு பெரிய அளவில் பயன்பட்டது அப்போதுதான். 22 பேர் மீது தீர்ப்பு வந்தது: 12 பேருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள், நால்வருக்கு 10 முதல் 20 ஆண்டு வரை சிறை, மூவர் விடுதலை. ஏரிக்கரை மேடையை வடிவமைத்த ஷ்பியர் அதே நகரில் கூண்டில் நின்று 20 ஆண்டு தண்டனை பெற்றார். ஷ்ட்ரைகருக்குத் தூக்கு. ஷ்ட்ரைகர் படை நடத்தியவரல்லர், முகாம் நடத்தியவருமல்லர். ‘டெர் ஷ்டூர்மர்’ என்ற வாரப் பத்திரிகையை 20 ஆண்டுக்கு மேல் நடத்தி, வாரந்தோறும் வெறுப்பை அச்சிட்டு விற்றவர். எழுத்தால் தூண்டியதையே மானுடத்துக்கு எதிரான குற்றமாக நீதிமன்றம் கொண்டது. செய்தித்தாள் படிப்பவர்களும் எழுதுபவர்களும் அந்த அறையில் சற்றுக் கூடுதலாக நிற்கலாம்.

வென்றவர்கள் தோற்றவர்களுக்கு வழங்கிய நீதி என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. அது முற்றிலும் தவறும் அல்ல. போலந்து அதிகாரிகளை காட்டின் காட்டில் கொன்றது தாங்களே என்பதை மறைத்து, அப்பழியை ஜெர்மானியர் மீது சோவியத் தரப்பு சுமத்தியது; தீர்ப்பு அதைப் பற்றிப் பேசாமல் கடந்தது. நியூரம்பர்க்கையே தரைமட்டமாக்கிய குண்டுவீச்சு விசாரணைக்கு வரவே இல்லை. ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ நீதிமன்றத்தில் இந்திய நீதிபதி ராதாபினோத் பால் எழுதிய நீண்ட மாற்றுத் தீர்ப்பு இந்த வகைக் கேள்விகளைத்தான் எழுப்பியது. ஆனாலும் பதவி ஒருவரைக் காக்காது, மேலிடத்து உத்தரவு என்பது சாக்காகாது என்ற விதிகள் இந்த அறையிலிருந்தே உலகச் சட்டத்துக்குள் நுழைந்தன. ஹேக் நகரில் இயங்கும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் வேர் இங்கே இருக்கிறது. அந்த நீதிமன்றத்தில் இந்தியா உறுப்பினராகச் சேரவில்லை.

ஜெர்மானியர்கள் தங்கள் கடந்த காலத்தை நேர்மையாக எதிர்கொண்டவர்கள் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. நியூரம்பர்க்கின் ஆண்டுக்கணக்கைப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1950களில், இங்கே தொடர்ந்து நடந்த மற்ற விசாரணைகளில் தண்டனை பெற்ற பலர் காலத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டார்கள். பொதுமக்கள் அதை வரவேற்கவே செய்தார்கள். ஏரிக்கரையில் ஆவண மையம் வர 2001 ஆனது. அறை 600க்கு மேல்தளத்தில் நினைவகம் வந்தது 2010இல். அதற்குப் பின்னும் 2020 வரை அந்த அறையில் சாதாரணக் குற்ற வழக்குகள் நடந்தன. அரை நூற்றாண்டு தயக்கம், மாநகர மன்றச் சண்டை, வரலாற்றாசிரியர்களின் விடாப்பிடி எல்லாம் சேர்ந்துதான் இன்று காணும் நினைவு.

திரும்பி ரயில் நிலையத்துக்கு வரும் வழியில் ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி மனித உரிமைகள் வீதி இருக்கிறது. இஸ்ரேலியச் சிற்பி டானி கரவன் 1993இல் அமைத்தது. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 30 கூறுகளும் உயர்ந்த வெண்ணிறத் தூண்களில் ஜெர்மன் மொழியிலும் உடன் இன்னொரு மொழியிலும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு தூணுக்குப் பதிலாக ஓர் ஓக் மரம் நிற்கிறது. 1995 முதல் இந்நகரம் சர்வதேச மனித உரிமை விருது ஒன்றையும் வழங்கிவருகிறது. 2003இல் அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் இந்தியாவின் தீஸ்தா செதல்வாடும் பாகிஸ்தானின் இப்ன் அப்துர் ரஹ்மானும்.

அந்தத் தூண்கள் எழும்பி ஏழு ஆண்டு கழிந்து, 2000 செப்டம்பரில், துருக்கியிலிருந்து வந்து குடியேறிய பூ வியாபாரி ஒருவர் இதே நகரில் சாலையோரம் கடை வைத்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் பத்துப் பேரைக் கொன்ற நவநாஜிக் குழுவொன்றின் முதல் கொலை அது. 2001இலும் 2005இலும் இந்நகரிலேயே மேலும் இருவர் அக்குழுவின் கைகளில் இறந்தார்கள். காவல்துறையோ ஆண்டுக்கணக்கில் கொலையுண்டவர்களின் குடும்பங்களையே சந்தேகித்தது. போதைப்பொருள் கும்பலாக இருக்கும், உறவினர் பகையாக இருக்கும் என்று துருவியது. நியூரம்பர்க்கிலிருந்து இயங்கிய விசாரணைக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாஸ்பரஸ்’, துருக்கியின் நீரிணை. கொலைகாரர்கள் உள்நாட்டு நவநாஜிகள் என்பது 2011 நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. மனித உரிமைகள் வீதிக்கு அருகே, பழைய மதிலை ஒட்டி, கொல்லப்பட்டவர்களுக்கு 2013இல் ஒரு நினைவிடம் அமைக்கப்பட்டது. சில மரங்களும் ஒரு கற்பலகையும் மட்டுமே. அங்கிருந்து ரயில் நிலையம் சில நிமிட நடை.